உப்பு அம்பாரமும் பாட்டின் உச்சியும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஆறுமுகநேரிப் பக்கம் வரும்போது, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் காணலாம். கடல்நீரை வெயில் காய்ச்சித் தந்த உப்பு அது. அங்கே சாகுபுரம் என்னும் ஊரில் உள்ள தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் ஆலைக்கு உப்புத்தான் அடிப்படை. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் குளோரினும் கிடைக்கும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே டன் கணக்கில் நடக்கிறது.

இதே ஆலையில் பி.வி.சி. என்னும் வெள்ளை மாவும் தயாராகிறது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். ஆகவே அதை உப்பின் பேரப்பிள்ளை என்று சொன்னால் தவறில்லை. தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை என்று அது போய்ச் சேரும் இடங்கள் பல. அதன் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் மட்டும் வேறு வேலைக்குப் போனான். வினைல் குளோரைடுடன் சிறிதளவு வினைல் அசெட்டேட்டைச் சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. அதில் கரித்தூள் கலந்து, வெப்பத்தில் இளக்கி, அச்சில் வைத்து அழுத்தினால் இசைத்தட்டு!

அச்சு என்று சொன்னோமே, அந்த அச்சுக்குள் பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதில்தான் நமது கதை தொடங்குகிறது.

பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒலிப்பதிவாளரும் தங்கள் வேலையை முடித்த பிறகு, ஒலிநாடா இன்னொரு நிபுணர் கைக்குப் போகும். அவர் முன்னே, லாக்கர் பூசிய வழவழப்பான அலுமினியத் தட்டு ஒன்று சுழலும். நாடாவிலிருந்து வரும் ஒலிக்கு ஏற்ப ஆடும் ஊசி, அதில் மெல்லிய வரிப்பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும். பிறகு அந்தத் தட்டின் மேல் வெள்ளியைப் படியவைத்து, மின்முலாம் முறையில் நிக்கலை வளர்த்து உரித்து எடுத்தால், பள்ளம் மேடாக மாறிய உலோகப் பிரதி கிடைக்கும். (உப்பைப் பிரித்த அதே மின்பகுப்புத்தான் இங்கே பாட்டை நகலெடுக்கிறது!) மூலத்தட்டுக்கு மாஸ்டர் என்று பெயர். அதைத் தயாரிக்கும் வேலை மாஸ்டரிங் ஆயிற்று. இப்போது பெரும்பாலான பாட்டுகள் தட்டில் ஏறுவதில்லை. கணினிக் கோப்பாகவே உலகைச் சுற்றுகின்றன. ஆனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பள்ளம் வெட்டுவது எளிய வேலை அன்று. தாழ்ந்த சுரங்கள் அகலமாக ஆடும். பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். எனவே வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்து, உயர்சுரங்களைக் கூட்டி வெட்டுவார்கள். கேட்கும் கருவி அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்துவிடும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் வகுத்த அளவே பின்னர் உலக வழக்காயிற்று. இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டு உரக்க ஒலிக்க வேண்டுமானால் பள்ளம் அகல வேண்டும். அகன்றால் தட்டில் கொள்ளும் நிமிடங்கள் குறையும். இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்ப்பவரே மாஸ்டரிங் நிபுணர்.

கலவை என்பது எது?

ஒரு பாட்டில் குரல், வயலின், மிருதங்கம், கீபோர்டு என்று பல ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்கிறார்கள். அவற்றின் அளவுகளைச் சரிபார்த்து, இடது வலது என்ற இரண்டே தடங்களாகச் சேர்ப்பது ஒலிக்கலப்பு. கிடைப்பது கலவை.

கலப்பவரின் திறமைக்கு நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் அவர்களை அறியாதவர் இல்லை. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவருடைய நாகசுரமும் எஸ். ஜானகி அவர்களின் குரலும் சேர்ந்து ஒலிக்கும் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். திறந்த வெளியில் ஊரையே எழுப்பும் வாத்தியம் நாகசுரம். அதன் பக்கத்தில் நின்று ஒருவர் பாடினால் குரல் எடுபடுமா? இரண்டையும் தனித்தனியே பதிவு செய்து சேர்த்ததாகச் சொல்வார்கள். கேட்கும்போது குரலும் குழலும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. அதுதான் கலவையின் வேலை.

கலவை முடிந்ததும் அதை மாஸ்டரிங் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைப் புதுக் காதால் கேட்கிறார். மொத்தத்தில் கனம் கூடியிருக்கிறதா, கூர்மை குறைந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்துகிறார். தொகுப்பில் உள்ள பாட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் ஒலிக்கும்படி செய்கிறார். ஒரு முக்கியமான செய்தி: அவர் கையில் இருப்பது இரண்டு தடங்கள் மட்டுமே. மிருதங்கத்தை மட்டும் குறை என்றால் அவரால் இயலாது. சாம்பார் கொதித்து இறங்கிய பிறகு, புளியை மட்டும் வெளியே எடு என்பது போல் ஆகும்! ஆகவே அவரிடம் அனுப்புமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றில் தலையாயதை முதலில் பார்ப்போம்.

உச்சியை வெட்டாதீர்கள்

உப்பு அம்பாரத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கூம்பாகக் குவிந்த அந்த உப்பைத் தாழ்ந்த கூரையுள்ள கொட்டகைக்குள் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். கூரைக்கு மேலே நிற்கும் பகுதி சீவப்பட்டுவிடும். மட்டமான மேற்பரப்பு மட்டுமே மிஞ்சும். அதைப் பார்த்து, முன்பு உச்சி எவ்வளவு உயரம் இருந்தது என்று சொல்ல முடியுமா? கூரையைப் பிறகு எவ்வளவு உயர்த்தினாலும் உச்சி திரும்பி வராது.

கணினியில் ஒலிக்கும் இதே நிலைதான். ஒலியலையின் உயரத்தைக் கணினி எண்ணாக எழுதிவைக்கிறது. எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்குச் சுழி டெசிபெல் என்று பெயர். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மைனஸ் கணக்கில் வரும். சுழியைத் தாண்ட முயலும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். மென்மையாக வளைந்து இறங்க வேண்டிய அலை, மூலைகளோடு நிற்கும். அந்த மூலைகள் பாட்டில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. காதுக்கு அது கரகரப்பு.

ஆகையால் கலவையின் மிக உயர்ந்த முகடு சுழியைத் தொடாமல், ஏறத்தாழ மைனஸ் 6 டெசிபெலில் நிற்கும்படி அனுப்புவது நல்ல வழக்கம். மைனஸ் 3 என்றாலும் குடிமுழுகிப் போகாது. எங்கும் வெட்டுப்படாமல் இருப்பதே முக்கியம். மேலே விட்ட இடத்தில்தான் மாஸ்டரிங் நிபுணர் வேலை செய்வார்.

இங்கே ஒரு கெட்டிக்கார மாணவர் எழுந்து கேட்கலாம்: "6 டெசிபெல் குறைத்தால் அலையின் வீச்சு பாதியாகிவிடுமே! பாதித் தரம் வீணாகாதா?" கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒலியலையின் உயரத்தை அளக்கும் அளவுகோலில் எத்தனை கோடுகள் உள்ளன என்பதைப் பிட் எண்ணிக்கை சொல்கிறது. குறுந்தட்டில் 16 பிட். அதாவது 2ஐ 16 முறை பெருக்கி வரும் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள்! ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெலுக்குச் சமம். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் 144. இதில் 6 டெசிபெலை விட்டுக்கொடுத்தால் போவது ஒரே ஒரு பிட். மிச்சம் 23 பிட், 138 டெசிபெல். நல்ல ஒலிவாங்கியும் மின்சுற்றும்கூடத் தமக்கென்று உள்ள இரைச்சலால் அவ்வளவு ஆழத்தை எட்டுவதில்லை. கோடீசுவரர் பையிலிருந்து ஒரு ரூபாய் விழுந்த கதைதான்.

நாடாக் காலத்தில் நிலைமை வேறு. நாடாவுக்கே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் உண்டு. மெல்லப் பதிவு செய்தால் பாட்டு அந்த இரைச்சலில் மூழ்கும். ஆகவே இயன்றவரை உரக்கப் பதிவு செய்வார்கள். அளவு மிஞ்சினாலும் நாடா உடனே வெட்டாது. மெல்ல மெல்ல நசுக்கும். அந்தக் காலத்துப் பழக்கத்தை இன்றைக்கும் பிடித்துக்கொண்டு முள்ளைச் சிவப்பு வரை ஏற்றுபவர்கள் உள்ளனர். தேவையே இல்லை.

அளவுமானி காட்டாத முகடு

அளவுமானி சுழியைத் தாண்டவில்லை என்பதாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. குறுந்தட்டில் ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. (இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவில் பதிவு செய்தார்கள். வினாடிக்கு 60 புலம், புலத்துக்குப் பயன்படும் 245 வரி, வரிக்கு 3 அளவு. பெருக்கிப் பாருங்கள். நம் நாட்டு முறைப்படி 50, 294, 3 என்று பெருக்கினாலும் அதே விடைதான்!) இரண்டு அளவுகளுக்கு நடுவே அலை எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சாதாரண அளவுமானி பார்ப்பதில்லை.

முக்கோணவியல் படித்தவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 11,025 அதிர்வெண் கொண்ட சைன் அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு நான்கே அளவுகள் விழும். அவை 45, 135, 225, 315 பாகைகளில் விழுந்தால், கிடைக்கும் எண்கள் எல்லாம் 0.707 அல்லது மைனஸ் 0.707. அளவுமானி 0.707 என்கிறது, அலையின் உண்மை உயரமோ 1. வித்தியாசம் 3 டெசிபெல். எண்கள் சுழியைத் தொடும் வரை ஏற்றிவிட்டால், ஒலிபெருக்கியில் அலை மீண்டும் உருவாகும்போது கூரையை இடிக்கும். கொஞ்சம் இடம் விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விடக் கொடியது, கலவையின் கடைசியில் லிமிட்டர் என்னும் கருவியைப் போட்டு உச்சிகளை எல்லாம் ஒரே மட்டமாக நசுக்குவது. நசுக்கினால் பாட்டு உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். 1990க்குப் பிறகு உலகெங்கும் இந்தப் போட்டி வலுத்தது. 2008இல் வந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பு இதற்குப் பேர்போனது. இரைச்சலும் கரகரப்புமாக இருக்கிறதென்று ரசிகர்களே முறையிட்டார்கள். கலவை தம்மிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று அதை மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் தெரிவித்தார். அனுபவம் மிக்க நிபுணர்தான். ஆனால் சீவிய அம்பாரத்துக்கு யார்தான் உச்சியை ஒட்டவைக்க முடியும்? வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்தன. ரசிகர்கள் அதைத் தேடிக் கேட்டார்கள்.

கொடை விழாவில் காணாமல் போகும் குரல்

நம் பக்கத்து ஊர்களில் கோயில் கொடை என்றால் பனைமர உயரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டாமல் இருக்கமாட்டார்கள். அதில் இடது வலது என்ற பேதம் கிடையாது. இரண்டு தடங்களும் ஒன்றாகக் கூட்டப்பட்டே ஒலிக்கும். இங்கேதான் ஆபத்து.

ஒலிவாங்கியின் இணைப்பு தவறினாலோ, 'அகலமாகக் கேட்கவேண்டும்' என்று ஏதோ ஒரு விசையைத் தட்டினாலோ, ஒரே குரல் இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் பதிவாகிவிடுவது உண்டு. இரண்டு காதுக்கும் தனித்தனியே கேட்கும்போது விநோதமாக, அகலமாக இருக்கும். கூட்டினால்? இடப்பக்கம் முகடு இருக்கும் இடத்தில் வலப்பக்கம் பள்ளம். கூட்டல் சுழி! கொடை விழாவில் வாத்தியங்கள் முழங்கும், பாடியவரைக் காணோம். இசைத்தட்டிலும் இது தொல்லைதான். பள்ளத்தின் பக்கவாட்டு ஆட்டம் இரண்டு தடங்களின் கூட்டலையும், மேல்கீழ் ஆட்டம் அவற்றின் கழித்தலையும் குறிக்கும். தாழ்சுரம் தலைகீழாகப் பதிந்திருந்தால் ஊசி பள்ளத்தைவிட்டே துள்ளிவிடும்.

ஆகவே அனுப்புமுன் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி ஒருமுறை கேளுங்கள். எந்த ஒலி மெலிகிறது என்று கவனியுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பாருங்கள். அதுவும் குழாய் ஒலிபெருக்கியும் 50, 60 அதிர்வெண் கொண்ட அடித்தொனியைச் சொல்லவே சொல்லாது.

கேட்கும் உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் காட்டியது இது: மெல்லிய ஒலியில் நம் காது தாழ்சுரங்களை மிகக் குறைவாகவே உணரும், உரம் கூடக் கூடத்தான் அவை எழுந்து வரும். எனவே இரவெல்லாம் உரக்க வைத்துக் கலந்த பாட்டு, மறுநாள் மெல்லக் கேட்டால் எலும்பும் தோலுமாக இருக்கும். மிதமான உரத்தில் கலந்து, மறுநாள் காலையில் மீண்டும் கேட்பதே முறை. அப்போது இன்னொன்றும் புலப்படும். மின்விசிறியின் சத்தம், மின்சாரத்தின் 50 அதிர்வெண் ரீங்காரம், பாடுமுன் விட்ட மூச்சு எல்லாம் மாஸ்டரிங்கில் பாட்டோடு சேர்ந்து உயர்ந்துவிடும். அவற்றைக் கலவையிலேயே களைய வேண்டும்.

கெளஹர் ஜான் சொன்ன பெயர்

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். புகழ்பெற்ற பாடகி கெளஹர் ஜானும் பாடினார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குப் போயின. அங்கே அரக்குத் தட்டுகளாக அச்சாகி மறு ஆண்டு திரும்பி வந்தன. ஹானோவரில் உள்ளவர்களுக்கு மொழியும் தெரியாது, பாடகரையும் தெரியாது. அதனால் பாட்டு முடிந்ததும் கெளஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொல்வார். இன்றும் அந்தப் பதிவுகளில் அதைக் கேட்கலாம்!

உங்கள் கோப்பும் உங்களை அறியாத ஒருவரிடம்தான் போகிறது. 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'இதுதான் கடைசி' என்று பெயரிட்ட மூன்று கோப்புகளை அனுப்பினால் அவர் எதை எடுப்பார்? பாட்டின் பெயர், குழுவின் பெயர், தேதி, எத்தனையாவது கலவை என்பவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கோப்பு 24 பிட் வேவ் வகையாக இருக்கட்டும். பதிவு செய்த அதே மாதிரி வீதத்திலேயே விட்டுவிடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அவர் மாற்றுவார். எம்.பி.3 வேண்டாம். காதுக்குத் தெரியாது என்று அது கணித்தவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் கோப்பைச் சுருக்குகிறது, எறிந்தது திரும்பாது. பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சில வினாடி மெளனம் விடுங்கள். குறிப்பாக முடிவில் தம்பூராவின் கார்வையும் எதிரொலியும் முழுவதும் அடங்கும் வரை வெட்டக்கூடாது. குரலை மட்டும் சற்றே கூட்டிய இன்னொரு கலவையையும் சேர்த்து அனுப்பினால் பின்னால் கைகொடுக்கும்.

உரக்க ஒலிக்கவில்லையே என்ற கவலை இருந்தால் விட்டுவிடலாம். உரத்தை அளப்பதற்கு 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறையை வகுத்தது. இணைய வழியில் பாட்டு வழங்கும் நிறுவனங்கள் பலவும் அந்த முறைப்படி எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கி உரமாக்கிய பாட்டு அங்கே தானாகவே குறைக்கப்படும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

இவை பெரிய ஸ்டூடியோக்காரர்களுக்குத்தானே என்று எண்ண வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்தவர்களின் பாட்டையோ, பாட்டி பாடும் தாலாட்டையோ நீங்களே கைப்பேசியில் பதிவு செய்யலாம். பதிவாகும்போதே உச்சி வெட்டுப்பட்டுவிட்டால், எந்த நிபுணரிடம் போனாலும் பயனில்லை. ஸ்டூடியோவில் பாடகரை மறுபடி அழைக்கலாம். பாட்டியை எப்போதும் அழைக்க முடியும் என்று சொல்வதற்கில்லை. முள் பாதிக்கு மேல் ஏறாதபடி பதிவு செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 440 அதிர்வெண் கொண்ட சைன் அலை ஒன்றை உருவாக்குங்கள். அதன் அதிர்வெண் படத்தை வரையச் சொன்னால் 440இல் ஒரே ஒரு முகடு தெரியும். இனி அலையின் அளவைச் சுழிக்கு மேல் 12 டெசிபெல் உயர்த்துங்கள். (வெட்டுப்பட அனுமதிக்கவா என்று மென்பொருள் கேட்கும், அனுமதியுங்கள்.) இப்போதே மீண்டும் குறைத்தால் அலை முழுசாகத் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் மென்பொருள் தனக்குள்ளே சுழியைத் தாண்டிய எண்களையும் நினைவில் வைத்திருக்கிறது. ஏமாறவேண்டாம்! உயர்த்திய நிலையிலேயே 16 பிட் வேவ் கோப்பாக வெளியே எடுத்துச் சேமித்து, அந்தக் கோப்பைப் புதிதாகத் திறந்து, 12 டெசிபெல் குறையுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிகள் தட்டையாகவே நிற்கும். மறுபடி அதிர்வெண் படத்தை வரையுங்கள். 440க்கு அப்பால் 1320, 2200, 3080 என்று ஒற்றைப்படை மடங்குகளில் புதிய முகடுகள் முளைத்திருக்கும்.